ஹீமோபிலியா உள்ள பெரியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி: சேலத்துப் பிசியோதெரபி மையம் ஒன்றைப் பற்றி

சேலத்தில் அஸ்தம்பட்டிக்கும் கோரிமேட்டுக்கும் இடையில் உள்ள ஒரு பிசியோதெரபி மையத்தில், ரத்தம் எளிதில் உறையாத குறைபாடான ஹீமோபிலியா உள்ள பெரியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியைத் தனியாகக் கற்றுத் தருகிறார்கள். அங்கே பயிற்சி பெற்று, இப்போது வீட்டில் அதைத் தொடர்ந்து செய்துவருகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குறைகளையும் மறைக்காமல் எழுதப்போவதால் மையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். தேவைப்படுவோர் சேலத்தில் ஃபேக்டர் (ரத்தம் உறைய உதவும் காரணி மருந்து) வாங்க வரும் குடும்பங்களிடம் விசாரித்தால் எளிதில் தெரிந்துவிடும். மூட்டுகள் ஏற்கெனவே பழுதாகிவிட்ட, முப்பது வயதைக் கடந்தவர்கள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியோடு நின்றுவிடாமல், சமநிலைப் பயிற்சியையும் முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும், அதைப் பக்குவமாகக் கற்றுத்தரத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதும் என் முடிவு.

எனக்கு இருப்பது கடுமையான ஹீமோபிலியா ஏ. அதாவது, ரத்தம் உறைவதற்குத் தேவையான எட்டாம் காரணி 1 விழுக்காட்டுக்கும் குறைவு. இன்று தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் அந்த வசதி இல்லை. முட்டி வீங்கினால் வீங்கிய காலோடு வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பதுதான் வைத்தியம். மூட்டுக்குள் கசிந்த ரத்தத்திலுள்ள இரும்பு மூட்டின் உட்சவ்வில் படிந்து, சவ்வு தடித்து, மறுபடியும் அதே இடத்தில் கசிவதற்கு வழி செய்துவிடுகிறது. அப்படியே குருத்தெலும்பும் அரிக்கப்பட்டுப் போகிறது. என்னைப் போன்றவர்களுக்கு முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றாவது இப்படிக் கெட்டிருக்கும். எனக்கு வலது முழங்காலும் இடது கணுக்காலும்.

இந்தச் சேதத்தால் வலியும் விறைப்பும் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதிகம் பேசப்படாத இன்னொன்று, மூட்டின் உறையிலும் தசைநார்களிலும் இருந்துகொண்டு, கால் எந்தக் கோணத்தில், எந்த நிலையில் ஊன்றியிருக்கிறது என்று மூளைக்குச் சேதி அனுப்பும் நரம்பு முனைகளின் வேலையும் கெட்டுப்போகிறது என்பது. அதனுடன் தொடைத் தசை மெலிந்து, முழங்கால் முழுதாக நீள மறுத்து, கணுக்கால் மேல்நோக்கி மடங்க மறுத்தால், இருட்டில் நடக்கும்போதும் மேடுபள்ளத்தில் கால் வைக்கும்போதும் தடுமாற்றம் வந்தே தீரும். சாதாரணமானவர் கீழே விழுந்தால் சிராய்ப்போடு எழுந்துவிடுவார். நமக்குத் தலையில் அடிபட்டால் மூளைக்குள் கசியும் ஆபத்து இருக்கிறது. ஹீமோபிலியா உள்ள பலருக்கு எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதால் முறிவுக்கும் இடமுண்டு. ஆகவே விழாமல் இருக்கக் கற்றுக்கொள்வதும் எங்களுக்கு ஒரு சிகிச்சைதான்.

மையத்தின் தரத்தை நான் முதல் நாளிலேயே கண்டுகொண்டது அங்கிருந்த கருவிகளைப் பார்த்தல்ல. பயிற்சி தொடங்குவதற்கு முன்னால் அவர்கள் கேட்ட கேள்விகளைக் கொண்டுதான். எந்த வகை ஹீமோபிலியா, கடைசியாக ஃபேக்டர் போட்டது என்றைக்கு, எத்தனை யூனிட், இன்ஹிபிட்டர் (ஃபேக்டரைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்) இருக்கிறதா என்று பரிசோதித்தீர்களா, கடந்த ஆறு மாதத்தில் எந்த மூட்டில் எத்தனை முறை பிளீட் ஆனது என்று பயிற்சியாளரான அம்மையார் வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அதன் பிறகுதான் காலைத் தொட்டார். புறங்கையை முதலில் ஒரு முழங்காலிலும் பிறகு மறு முழங்காலிலும் வைத்துச் சூடு வித்தியாசப்படுகிறதா என்று பார்த்தார். முட்டிச்சில்லுக்கு மேலே இஞ்சு டேப்பைச் சுற்றி அளவெடுத்தார். இந்த இரண்டையும் அதன் பின்னர் ஒவ்வொரு முறையும், ஒரு நாள்கூட விடாமல், பயிற்சிக்கு முன்பும் பின்பும் செய்தார். முன்பு வேறு ஓர் இடத்தில், நோயின் பெயரைச் சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளாமல், நீளாத முழங்காலை அழுத்தி நீட்டிவிட்டு அன்று இரவே மூட்டு வீங்கிய அனுபவம் எனக்கு இருப்பதால், இந்தப் புறங்கைச் சோதனையின் அருமை எனக்குத் தெரியும். ஹீமோபிலியா உள்ளவரின் மூட்டைப் பிறர் பலவந்தமாக மடக்குவதோ நீட்டுவதோ, எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவதோ, புத்தூர்க் கட்டுப் போடுவதோ கூடாது. நம் ஊரில் அக்கறையோடு சொல்லப்படும் ஆலோசனைகளில் பாதி இவைதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது மதிப்பீடு. பெர்க் சமநிலை அளவுகோல் என்ற முறையில் 14 வேலைகளைச் செய்யச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போட்டு, மொத்தம் 56-க்குக் கணக்கிடுகிறார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, கண்ணை மூடி நிற்பது, ஒரு பாதத்துக்கு நேர்முன்னால் மறு பாதத்தை வைத்து நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது, ஒரு முழுச் சுற்றுத் திரும்புவது என்று அந்த வேலைகள் போகும். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காருவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் ஸ்டாப்வாட்சில் பார்க்கிறார்கள். இவற்றைவிட எனக்குப் பயன்பட்டது அவர்கள் என் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்ததுதான். இடது செருப்பில் முன்பகுதி மட்டும் தேய்ந்து, குதிகால் பகுதி புதிதாகவே இருந்தது. கணுக்கால் மேல்நோக்கி மடங்காததால் குதிகால் தரையில் சரியாகப் பதியவில்லை என்பதை அதைக் கொண்டே காட்டினார்கள். ரப்பர் ஷீட்டில் அளவாக வெட்டிக் கொடுத்த துண்டைப் பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துக் குதிகாலின் கீழ் ஒட்டிக்கொண்டேன். சில பத்து ரூபாய்ச் செலவில் முடிந்த இந்த வேலை, இத்தனை ஆண்டுகளில் யாரும் எனக்குச் சொல்லாதது.

பயிற்சி மிக எளிமையாகத் தொடங்குகிறது. இரண்டு இணைக் கம்பிகளுக்கு நடுவில் நின்று, உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெதுவாக மாற்றுவது, பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்பது, கம்பியைப் பிடித்திருக்கும் கையை ஐந்து விரலிலிருந்து ஒரு விரலுக்குக் குறைப்பது என்ற அளவில்தான் ஆரம்ப நாட்கள் கழிந்தன. பிறகு தரையில் ஒட்டிய சிவப்புப் பட்டையின் மேல் அடிக்கு அடி வைத்து நடப்பது, தாழ்ந்த பலகையில் ஒரு காலை வைத்து எடுப்பது, நடந்துகொண்டே இடம் வலமாகத் தலையைத் திருப்புவது, தண்ணீர் நிறைந்த டம்ளரைத் தூக்கிக்கொண்டு திரும்புவது ஆகியவை வந்தன. கண்ணை மூடி ஃபோம் மெத்தையின் மேல் நிற்பது கடைசிக் கட்டம். அதற்கு வருவதற்குள் தொடைத் தசைக்கும் இடுப்புத் தசைக்கும் போதிய வலு வந்திருக்க வேண்டும் என்பதில் அவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். குதிப்பது, ஓடுவது, ஆடும் பலகையில் திடீரென்று ஏற்றிவிடுவது போன்றவை இந்தத் திட்டத்தில் அறவே இல்லை.

ஒரு நாள் பலகையில் கால் வைத்து எடுக்கும்போது முகத்தைச் சுளித்தேன். “அண்ணா, வலிக்குதா, இல்ல உள்ள இறுக்கமா இருக்குதா? ரெண்டும் வேற வேறங்க, யோசிச்சுச் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை அந்த அம்மையார் அடுத்த பயிற்சிக்குப் போகவில்லை. தேய்ந்த மூட்டின் வலி, காலையில் எழுந்ததும் விறைப்பாக இருந்து, சற்று நடமாடியதும் இளகும். புதிதாகக் கசியத் தொடங்கினால் கூச்சம்போல ஓர் உணர்வும், உள்ளே நிரம்புவதுபோன்ற இறுக்கமும், சூடும் வரும். ஓய்வாக இருந்தாலும் கூடிக்கொண்டே போகும். எங்கள் உடம்பின் இந்த முதல் அறிகுறி எங்களுக்குத் தெரியும் என்று நம்பி, எங்களைக் கேட்டு அதன்படி நடக்கும் பயிற்சியாளர் கிடைப்பது அரிது. இறுக்கம் என்று சொன்னால் அன்றைய பயிற்சி அத்துடன் நின்றுவிடும்: ஃபேக்டர், ஐஸ் ஒத்தடம், காலுக்கு ஓய்வு. கசிவு முழுதாக அடங்கி, வீக்கம் வடிந்து, மூட்டு பழையபடி அசையத் தொடங்கிய பின்புதான், அதுவும் பாதி அளவிலிருந்து, மறுபடியும் தொடங்குவார்கள்.

என்னோடு பயிற்சி பெற்றவர்களில் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் ஒருவர் இருந்தார். நாள் முழுதும் தரையில் உட்கார்ந்து செய்யும் வேலை. உட்காருவதைவிட எழுவதுதான் அவருக்குப் பெரும்பாடு. அவருக்கு எழுதியிருந்த பயிற்சிகளில் முக்கால்வாசி தரையிலிருந்து எழுவதாகவே இருந்தன. முதலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் எதிரில் உள்ள மரமுக்காலியில் பதித்து, நல்ல காலை முன்னே ஊன்றி, எழுந்த பின் மூன்று எண்ணும்வரை அங்கேயே நின்று, அதன் பிறகே முதல் அடி எடுத்துவைக்க வேண்டும். அந்த மூன்று எண்ணிக்கைதான் அதன் உயிர்நாடி என்று எனக்குத் தோன்றியது, ஏனெனில் எழுந்த வேகத்தில் நடக்கத் தொடங்கும்போதுதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். பந்தியில் உட்காருவது, கோயில் மண்டபத்தில் உட்காருவது, துக்க வீட்டில் பாயில் உட்காருவது என்று நம் வாழ்க்கையில் தரைக்கு இருக்கும் இடத்தை, நாற்காலியை மட்டும் வைத்துத் தயாரான பயிற்சித் தாள்கள் கணக்கில் எடுப்பதில்லை. இந்த மையம் எடுத்துக்கொள்கிறது.

அதேபோல நான் ஏற்காட்டில் வசிப்பவன் என்று தெரிந்ததும், வீட்டு வாசல் எப்படி, குளியலறைத் தரை எப்படி, பேருந்து நிறுத்தம் வரை உள்ள பாதை எப்படி என்று விசாரித்தார்கள். மலையில் சமதளம் என்று பத்தடி இடம் கிடைப்பது கஷ்டம். மழைக்காலத்தில் கல்படிகளில் பாசி பிடித்துவிடும். சரிவில் ஏறும்போது கணுக்கால் மடங்க வேண்டும், இறங்கும்போது முழங்காலும் தொடையும் எடையைத் தாங்க வேண்டும். எனக்குக் கெட்டிருப்பவை அவையிரண்டுமே. மையத்துக்குள் சக்கர நாற்காலிக்காகப் போட்டிருந்த சாய்தளத்தையே பயன்படுத்தி, இறங்கும்போது உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, சிறிய அடிகளாக, குறுக்கும் நெடுக்குமாக இறங்கப் பழக்கினார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் பேருந்தில் நின்றுகொண்டு போக நேர்ந்தால் கால்களை எப்படி அகட்டி வைப்பது, எந்தப் பக்கக் கம்பியைப் பிடிப்பது என்பதும் ஒரு பாடமாக இருந்தது. இவையெல்லாம் எங்கும் அச்சிட்ட திட்டத்தில் இருந்திருக்க முடியாது.

பயிற்சி நாளையும் ஃபேக்டர் போடும் நாளையும் பொருத்துவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எட்டாம் காரணியின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 8 முதல் 12 மணி. ஒரு முறை போட்டுக்கொண்டதன் பலன் அடுத்த நாளே வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஹீமோபிலியா பி உள்ளவர்கள் போடும் ஒன்பதாம் காரணி அதைவிடச் சற்று அதிக நேரம் தாங்கும். ஆகவே தடுப்பு முறையில் குறிப்பிட்ட நாட்களில் ஃபேக்டர் போடுகிறவர்கள், போட்ட அன்றே பயிற்சிக்கு வருமாறு நாட்களை மாற்றிக் கொடுக்கிறார்கள். தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் ஊசியில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு ஏறி இறங்காமல் ஒரே சீராக இருப்பதால் இந்தக் கணக்கு வேண்டியதில்லை. அந்த மருந்து ஹீமோபிலியா ஏ உள்ளவர்களுக்கு மட்டுமே. கசிவு வந்தால் மட்டும் ஃபேக்டர் போடுகிறவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள், ஆனால் ஃபோம் மெத்தைக்கும் கண்மூடிப் பயிற்சிக்கும் அவர்களை ஏற்றுவதில்லை. சிலருக்கு இது வருத்தம் தந்ததைப் பார்த்தேன். இருந்தாலும் இந்தக் கண்டிப்பு சரியானது என்பதே என் கருத்து.

இந்தப் பயிற்சிக்கு ஆதாரம் உண்டா என்று கேட்பவர்களுக்காக ஒன்றைக் குறிப்பிடுகிறேன். ஹீமோபிலியா உள்ள பெரியவர்களுக்கு வீட்டிலேயே செய்யும் சமநிலைப் பயிற்சித் திட்டத்தை ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்த ஒரு முன்னோட்ட ஆய்வு 2010-இல் வெளியானது. 20 ஆண்களுக்கு அவரவர் நிலையை அளந்து தனித்தனியாகப் பயிற்சி எழுதிக்கொடுத்து, நான்கு மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். கடைசிவரை செய்து முடித்தவர்கள் 12 பேர். நிற்பதிலும் நடப்பதிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் புள்ளியியல் கணக்கில் அது உறுதியாகும் அளவுக்கு இல்லை. பயிற்சியால் மூட்டு மோசமாகி யாரும் விலகவில்லை என்பதே அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது. இந்த ஆய்வைப் பற்றி மையத்தில் கேட்டபோது, பெரிதாக ஏதும் சொல்லிக்கொள்ளாமல், “கெடுதல் இல்லைங்கறது தெரிஞ்சிருக்குது, நன்மை எவ்வளவுங்கறதை உங்க கால்லதான் பார்க்கணும்” என்றார்கள். நேர்மையான பதில்.

வீட்டுப் பயிற்சிக்கு ஃபோம் மெத்தை வாங்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. பவானி ஜமுக்காளத்தை நான்காக மடித்து, வழுக்காத ரப்பர் விரிப்பின் மேல் போட்டு, சுவர் மூலையில் முதுகைக் காட்டி நின்று, முன்னால் ஒரு கனமான நாற்காலியை வைத்துக்கொண்டால் போதும் என்றார்கள். அப்படித்தான் செய்கிறேன். வாசிங்பேசினைப் பிடிக்காமல் நின்று பல் துலக்க முடிகிறது. கால்சட்டை போட்டுக்கொள்ளக் கட்டிலைத் தேட வேண்டியிருப்பதில்லை. பேருந்தின் கடைசிப் படியிலிருந்து இறங்கும்போது பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தினாலும் பதற்றம் இல்லை. இடது காலை மட்டும் ஊன்றி நிற்பது இன்னும் கைகூடவில்லை. அந்தக் கணுக்காலின் நிலையில் அது முழுதாகக் கைகூடாது என்பதையும் அவர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். முழங்காலின் எக்ஸ்ரேயில் எந்த மாற்றமும் இல்லை, இருக்கவும் முடியாது. தேய்ந்தது தேய்ந்ததுதான், மாறியிருப்பது அந்தக் காலை நான் கையாளும் விதம்.

இனி குறைகள். மையம் முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை, படிக்கட்டில் ஒரு பக்கம் மட்டுமே கைப்பிடி. சாய்தளம் உள்ளே இருந்து என்ன பயன், முழங்கால் வீங்கியவர் அங்கே போய்ச் சேருவதே சிரமம் என்றால்? கழிப்பறையில் வழவழப்பான டைல்ஸ், பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. விழாமல் இருக்கக் கற்றுத்தரும் இடத்தில் இது பொறுத்துக்கொள்ளத் தக்கதல்ல என்று நேரிலும் சொல்லியிருக்கிறேன். மாலை நேரத்தில் பக்கவாதம் வந்தவர்களும் மூட்டு மாற்று அறுவை முடித்தவர்களும் கூடிவிடுவதால், ஒரே பயிற்சியாளர் மூன்று பேரைக் கவனிக்க நேர்கிறது. கண்ணை மூடி நிற்பவருக்கு எட்டும் தூரத்தில் ஆள் இல்லாமல் அந்தப் பயிற்சியைச் செய்யவே கூடாது. நான் மறுத்துவிட்டதும் காலை 11 மணிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் கேட்கத் தயங்குகிறவர்களின் நிலை என்ன? வீட்டில் செய்ய வேண்டியவற்றுக்குத் தரும் தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. வாய்மொழியாகத் தமிழில் அழகாக விளக்குகிறார்கள் என்றாலும், வீட்டுக்குப் போன பின் மனைவியோ மகனோ எடுத்துப் படித்து உதவ அந்தத் தாளால் முடியாது. எங்கள் ரத்தவியல் மருத்துவரோடு இவர்களுக்கு நேரடித் தொடர்பு இல்லாததும் ஒரு குறை. கோப்பைச் சுமந்துகொண்டு இரு பக்கமும் சேதி சொல்லும் வேலை நம்முடையது.

கட்டணம் முதல் மதிப்பீட்டுக்கு 600 ரூபாய், பிறகு ஒவ்வொரு முறைக்கும் 350 ரூபாய். தரத்துக்கு இது அதிகமில்லை. ஆனால் நாள் கூலிக்குப் போகிறவர்களுக்குப் பேருந்துச் செலவும் அன்றைய கூலி இழப்பும் சேர்ந்தால் தாங்காது. அவர்களுக்கு வீட்டுப் பயிற்சியை எழுதிக்கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும் என்று ஏற்பாடு செய்கிறார்கள். அதைத் தாங்களாகச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும்.

இன்ஹிபிட்டர் உள்ளவர்கள், சமீபத்தில் இடுப்புத் தசையிலோ மூட்டிலோ கசிவு ஏற்பட்டவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்களே ஆனவர்கள் தங்கள் மருத்துவரின் கடிதம் இல்லாமல் போக வேண்டாம். போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மற்றவர்கள் காலை நேரத்தையே கேட்டு வாங்குங்கள். தினமும் போடும் செருப்பையே அணிந்து செல்லுங்கள், புதிதாக வாங்கி அணிந்து போனால் அவர்களுக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. மையத்தில் ஐஸ் இருக்கிறது, ஃபேக்டர் இருப்பில் இல்லை. ஒரு டோஸைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.